மெய்யும் மெருகும்

தமிழில் 'மெய்' என்னும் சொல்லுக்கு உடல் என்றும் பொருளுண்டு. உண்மை என்றும் பொருளுண்டு. ஒன்றன் உடல் எந்நிலையில் இருக்கிறதோ அதுவே அதன் உண்மை என நம் முன்னோர் எண்ணினர் போலும். மெருகோ மேலே பூசப்படுவது. அது மெய்யைக் காக்கவும் கூடும், மறைக்கவும் கூடும். காப்பது எப்போது, மறைப்பது எப்போது என்னும் அறச் சிக்கலை, நாம் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் வைத்து ஆராயலாம். நெடுந்தூரம் ஓடித் தேய்ந்த விரைவுக் கார் ஒன்றை விலைக்கு வாங்கி, தன் வீட்டுக் கொட்டகையிலேயே செப்பனிடும் மனிதனின் பணியே அவ்விடம்.

ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் இது பலருக்கு ஓய்வுநாள் தொழில். புதிதாக வந்தபோது செல்வர் மட்டுமே வாங்கத்தக்கதாயிருந்த கார், பல்லாண்டுகள் ஓடிய பின் நடுத்தர வருவாய் உடையவரின் கைக்கும் எட்டுகிறது. எடுத்துக்காட்டாக, 2000 முதல் 2006 வரை உருவாக்கப்பட்ட பி.எம்.டபிள்யூ. எம்3 காரைக் கொள்வோம். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள், 3.2 லிட்டர் என்ஜின், 343 குதிரைத்திறன், நிமிடத்திற்கு 8,000 சுற்றுகள் வரை சுழலும் ஆற்றல். அதன் வேகத்தை நிறுவனமே மணிக்கு 250 கிலோமீட்டரோடு மட்டுப்படுத்தி வைத்திருந்தது. இரண்டு இலட்சம் கிலோமீட்டர் ஓடியபின் அத்தகைய கார், அன்றைய விலையில் ஒரு பகுதிக்கே கிடைக்கக்கூடும். ஆனால் வாங்கும் விலைதான் இறங்குகிறதேயன்றி, வைத்துக் காக்கும் செலவு இறங்குவதில்லை. உதிரிப் பாகங்கள் செல்வர் காருக்குரிய விலையிலேயே நிற்கின்றன. பட்டறைகள் மணிக்கணக்கில் கூலி கேட்கின்றன. ஆகவே வாங்கியவரே ஸ்பானரும் கையுமாகக் காரின் அடியில் படுக்கிறார்.

அங்கே அவர் காண்பது என்ன? இவ்வகைக் கார்களை அறிந்தோர் முதலில் தேடிப் பார்க்கும் நோய்கள் இரண்டுண்டு. இரண்டும் வெளியே தெரியாதவை. முதலாவது, பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் பேரிங் தேய்வது. இரும்போடு இரும்பு உரசாதபடி அங்கே காவல் நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே. பேரிங் தேய்ந்தாலும் கார் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். தட்டும் ஓசை வெளியே கேட்கும்போது காலம் கடந்திருக்கும். ராடு முறிந்து என்ஜினின் சுவரையே துளைத்துவிடவும் கூடும். தொடக்க ஆண்டுகளில் வெளிவந்த கார்கள் பலவற்றில் இந்தப் பேரிங்குகளை நிறுவனமே மாற்றித் தந்தது. வீட்டில் பணி செய்பவர் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, ஆறு ராடுகளுக்கும் இவ்விரண்டாகப் பன்னிரண்டு அரைவட்டத் தகடுகளை மாற்ற வேண்டும். பழைய தகட்டின் மேற்பூச்சு அகன்று செம்பு நிறம் தெரிந்தால், நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்பது விளங்கும்.

இரண்டாவது நோய் இன்னும் ஆழமானது. பின் அச்சைத் தாங்கும் சட்டம், காரின் அடித்தளத் தகட்டோடு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும், அந்த விசை முழுவதும் அத்தகட்டை முறுக்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, பிணைப்பு இடங்களில் மயிரிழை போன்ற விரிசல்கள் தோன்றுகின்றன. அவற்றைக் காண வேண்டுமானால் பின் அச்சு முழுவதையும் இறக்க வேண்டும். தார்போல் அப்பியுள்ள பூச்சைச் சுரண்ட வேண்டும். குணப்படுத்த வேண்டுமானால் விரிசலை வெல்டிங் செய்து, அதன்மேல் தடித்த தகடுகளையும் பற்றவைக்க வேண்டும். மீண்டும் பூச்சுப் பூசி அச்சை ஏற்றியபின், இத்தனை உழைப்பும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். பாராட்டுவாரும் இல்லை, கேட்பாரும் இல்லை.

இனி, மெருகின் பக்கம் திரும்புவோம். அதே மனிதர், அதே பணத்தையும் அதே ஓய்வுநாள்களையும் கொண்டு வேறொன்றும் செய்யலாம். மங்கிய வண்ணத்தைத் தேய்த்துப் பளபளக்கச் செய்யலாம். தோல் இருக்கைகளுக்குச் சாயமேற்றலாம். சக்கரங்களுக்குப் புதுப் பூச்சுத் தரலாம். துருப்பிடித்த ஓட்டையைப் பசையால் நிரப்பித் தேய்த்து வண்ணம் அடிப்பதை நம் பட்டறைகளில் 'பட்டி பார்த்தல்' என்பர். தகட்டின் சிறு குழிகளைச் சமன் செய்யப் பட்டி பார்ப்பது குற்றமன்று. அது முறையான வேலையே. வலுவிழந்த இரும்பின்மேல் பட்டி பார்த்து, வலுவுண்டு என நம்பவைப்பதே குற்றம். பொருள் ஒன்றே, கையும் ஒன்றே. நோக்கமே அதை உழைப்பாகவோ வஞ்சனையாகவோ ஆக்குகிறது.

இவ்வஞ்சனையின் மிகப் பழகிய வடிவம், ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைத் திருத்துவது. அமெரிக்கா 1972-இல் கூட்டரசுச் சட்டத்தின் வாயிலாக இதைத் தடை செய்தது. ஜெர்மனி 2005-இல் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. நாம் மேலே கூறிய காரில் ஓடிய தூரம் இரண்டு இடங்களில் பதிவாகிறது. ஒன்றை மட்டும் மாற்றி இரண்டும் முரண்பட்டால், மீட்டரில் சிறு புள்ளி ஒன்று எரியும். இயந்திரத்துக்கும் மனச்சான்று ஒன்றை அமைத்துத் தந்தார்கள் போலும்! ஆயினும் மனித மனம் அந்தப் புள்ளியையும் அணைக்க வழி தேடுகிறது.

விற்பவன் தன் பொருளின் குறையைச் சொல்லியே ஆகவேண்டுமா? இவ்வினாவைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் எழுப்பி விடை கண்டார். அவர் காலத்து விரைவு வாகனம் குதிரை. ஆகவே குதிரையையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். ஒற்றைக்கண் குதிரையின் குறை பார்த்த அளவில் விளங்கும். அதற்கேற்ப விலையைக் குறைத்தால் போதும், வாய்திறந்து சொல்லக் கடமையில்லை. ஆனால் நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரை என்று விற்பதும், இடியும் நிலையிலுள்ள வீட்டை உறுதியான வீடு என்று விற்பதும் அத்தகையன அல்ல. குறை மறைவானதாகவும், வாங்குவோனுக்கு இழப்போ ஆபத்தோ தருவதாகவும் இருப்பின், விற்பவன் அதைச் சொல்லியே தீரவேண்டும் என்பது அவர் முடிபு. வண்ணத்தில் விழுந்த கீறல் ஒற்றைக்கண். அடித்தளத்தில் ஓடும் விரிசல் நொண்டிக்கால். இதைவிடத் தெளிவான அளவுகோல் வேறு வேண்டுமோ?

அளவுகோல் தெளிவாயிருக்கலாம், அதன்படி நடப்பதோ எளிதன்று. ஒருவரை எண்ணிப் பாருங்கள். இரண்டாண்டு ஓய்வுநாள்களைக் கொடுத்து, காரின் விலைக்கும் மேலாகவே செலவிட்டு அதைச் செப்பனிட்டார். இப்போது வேலை போய்விட்டது. விற்றாக வேண்டிய நிலை. விற்கும் முன் அடியில் பார்க்கையில், தாம் பற்றவைத்த இடத்தை ஒட்டிப் புதிய விரிசல் ஒன்று தெரிகிறது. சொன்னால் விலை பெரிதும் வீழும். சொல்லாவிட்டால் எவரும் அறியார். அவர் உள்ளம் மூன்று சமாதானங்களைத் தேடுகிறது. எனக்கு விற்றவர் சொன்னாரா என்பது முதலாவது. பழைய காரை வாங்குபவரே சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது இரண்டாவது. விரிசல் மிகச் சிறியது என்பது மூன்றாவது.

முதலாவது சமாதானம், பட்ட காயத்தை அடுத்தவர் கைக்கு மாற்றிவிடுவதேயன்றி ஆற்றுவது அன்று. இரண்டாவதில் ஓரளவு நியாயம் உண்டு. வாங்குவோருக்கும் விழிப்பு வேண்டும். ஆனால் அச்சை இறக்கிப் பார்த்தாலன்றித் தெரியாததை அவர் எங்ஙனம் காண்பார்? கண்டவர் வாய்மூடி இருக்க, காண இயலாதவர்மேல் பழியைச் சுமத்துவது முறையாகுமா? மூன்றாவது, காரின் இயல்பையே மறந்த பேச்சு. மெதுவாய் ஊரும் வண்டியில் சிறு விரிசல் சிறியதாகவே இருக்கலாம். ஜெர்மானிய நெடுஞ்சாலைகளில் வேக வரம்பற்ற பகுதிகளும் உண்டு; அங்கே மணிக்கு 200 கிலோமீட்டரில் செல்லும் காரில் அது சிறியதன்று. மேலும், ஓட்டுபவரின் அருகே அமர்ந்திருப்பவர் எதையும் வாங்கவில்லை, பேரம் பேசவில்லை, எதிரே வருபவரோ அக்காரைக் கண்டதுமில்லை. இவர்களுடைய உயிரும் அந்த விலையில் அடங்கியிருக்கிறது. ஆகவே, விற்பவரின் கடமை வாங்குவோரோடு முடிவதில்லை.

இன்னொரு வினாவும் இங்கே எழும். உழைப்பையும் பொருளையும் இவ்வாறு ஒரு விளையாட்டுப் பொருளில் கொட்டுவது தகுமா? தகாது என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. பிறர் வீசி எறிய இருந்ததை எடுத்துக் காப்பதும், ஒரு பொருளின் இயல்பறிந்து பொறுமையோடு அதற்குப் பணிந்து வேலை செய்வதும் நற்பயிற்சிகளே. துருவேறிய போல்ட்டு ஒருவருடைய படிப்பையோ பதவியையோ பார்த்துக் கழன்று வருவதில்லை. ஆயினும் அன்பிற்கு ஓர் ஒழுங்கு உண்டு என்றும், அவ்வொழுங்கே நற்பண்பு என்றும் புனித அகுஸ்தினார் கற்பித்தார். எதை எந்த அளவு நேசிக்க வேண்டுமோ, அதை அந்த அளவே நேசிப்பது அது. மனைவியிடம் உதிரிப்பாக ரசீதை மறைக்கும் கணவர், தம் இல்லறத்தின்மேல் பட்டி பார்க்கிறார். காரின் விரிசலைத் தேடி அச்சை இறக்கும் அவர், வீட்டில் விழுந்த விரிசலைக் காணவில்லை. செலவு இவ்வளவு, நாள் இவ்வளவு என்று குடும்பத்தாரிடம் வெளிப்படையாகச் சொல்லி, அவர்கள் இசைவோடு செய்யப்படும் வேலையோ வீட்டாருக்கும் மகிழ்ச்சி தரக்கூடும். மெய் கொட்டகையில் மட்டும் இருந்தால் போதாது. சாப்பாட்டு மேசையிலும் இருக்க வேண்டும்.

இத்தனை பாகங்களை மாற்றியபின் அது பழைய கார்தானா என்று சிலர் கேட்பர். இது வெறும் ஏட்டு வினா அன்று. 1990-இல் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் வழக்காகவே வந்தது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ட்லி கார் ஒன்றை ஒரு கோடி பவுனுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், அது உண்மையான கார் அன்று என மறுத்தனர். அக்கார் பந்தயந்தோறும் மாற்றியமைக்கப்பட்டது. 1932-இல் புரூக்லாண்ட்ஸ் களத்தில் ஓட்டுநரின் உயிரைக் குடித்த விபத்துக்கு உள்ளாயிற்று. பின்னர் சாலையில் ஓடும் காராக மறுபடி கட்டப்பட்டது. முதல் வெற்றியைக் கண்ட பாகங்களுள் எஞ்சியவை மிகச் சொற்பமே. 1929-இல் வெளிவந்த மூல நிலையில் அது இல்லை என்பதை ஏற்ற நீதிபதி ஆட்டன், ஆயினும் அதன் வரலாறு இடையறாதது, மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தவை, ஆதலால் அதே பெயருக்கு அது உரியதே எனத் தீர்ப்பளித்தார்.

இத்தீர்ப்பில் நமக்கொரு பாடம் உண்டு. மாற்றம் ஒன்றைப் பொய்யாக்குவதில்லை. மாற்றத்தை மறைப்பதே பொய்யாக்குகிறது. புதிய பேரிங் போட்டதாலும் தகடு பற்றவைத்ததாலும் கார் தன் மெய்யை இழப்பதில்லை. இன்ன நாளில், இத்தனை கிலோமீட்டரில், இன்னது தேய்ந்திருந்தது, இன்னது மாற்றப்பட்டது என்னும் தொடர்ச்சியான வரலாறு இருக்கும்வரை அது நேர்மையான கார்தான். மனித வாழ்வுக்கும் இது பொருந்தும். நொந்து திருந்திய மனிதரை முன்னைய மனிதர் அல்லர் என்று எவரும் ஒதுக்குவதில்லை. நோவே அறியாதவர்போல் நடிப்பவரையே நம்பத் தயங்குகிறோம்.

வீட்டில் கார் செப்பனிடுவோருள் நல்லவர்கள் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்கின்றனர். எண்ணெய்க் கறை படிந்த நோட்டுப் புத்தகம் ஒன்றில் ஒவ்வொரு வேலையையும் எழுதி, ரசீதுகளை ஒட்டி, விரிசல்களின் படங்களையும் சேர்த்து வைக்கின்றனர். விற்கும் நாளில் சாவியோடு அதையும் கொடுத்துவிடுகின்றனர். நாம் மேலே எண்ணிப் பார்த்த மனிதருக்கும் வழி அதுவே. கடைசிப் பக்கத்தில் புதிய விரிசலையும் எழுதிச் சேர்ப்பாரானால், அவர் இழப்பது விலையில் ஒரு பகுதி. இரண்டாண்டு உழைப்பு வீணாகிவிடாது. முன்பின் அறியாத ஒருவரின் குடும்பம் அதன்மேல் நம்பி அமரலாம். எழுதாமல் விட்டாலோ, காரின் மேல் அவர் ஏற்றிய பளபளப்பு முழுவதும் அந்த ஒரு விரிசலின்மேல் பார்த்த பட்டியாகவே முடியும்.