அடுத்த வீட்டு முறை

இமாசலத்தின் தர்மசாலாவில் வங்கி வேலையாக இருந்த மூன்று வருஷமும் ஆடி, ஆவணியில் எங்கள் வீட்டில் துணி காய்ந்ததில்லை. சுவரில் பாசி பிடிக்கும். பெட்டிக்குள் வைத்த தோல் செருப்பில் பூஞ்சணம் பூக்கும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் அது. பின்னால் தௌலாதார் மலை மதில்போல் நிற்கிறது. பருவமேகம் அதில் முட்டி, மேலேறி, குளிர்ந்து, சுமையை இந்தப் பக்கமே இறக்கிவிடும்.

அதே இமாசலத்தில், மலைகளைத் தாண்டினால் ஸ்பிதி. ஓர் ஆகஸ்டு மாதம் அங்குள்ள காஸா என்ற ஊரில் போய் இறங்கினேன். இரண்டாம் நாளே உதடு வெடித்துவிட்டது. சுற்றிலும் புல் முளைக்காத மலை. மேகம் அங்கே போய்ச் சேர்வதற்குள் வெறுங்கையாகிவிடுகிறது. அங்குள்ளவர்களுடைய தண்ணீர் பெரும்பாலும் குளிர்காலத்துப் பனிதான். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்றுச் சுழல்கள் அதைக் கொண்டுவந்து கொட்டுகின்றன.

நல்லவர் இருக்கும் ஊரில் மழை பெய்யும் என்று சொல்லித்தான் பாட்டி எங்களை வளர்த்தாள். வள்ளுவரும் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பைத்தான் வைத்தார். மழை இறைவன் அருள் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் அது புண்ணியத்துக்குக் கிடைக்கும் கூலி என்றால், ஸ்பிதிக்காரர்கள் செய்த பாவம் என்ன? 2023 ஆகஸ்ட் 14, சிவனுக்குரிய சாவன் மாதத் திங்கட்கிழமை. சிம்லாவின் சம்மர் ஹில் பகுதியில், சிவன் கோவிலில் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மேல் மழையில் மலை சரிந்தது. 20 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளோடு, மழையை வைத்து யாருடைய புண்ணியத்தையும் அளப்பதை விட்டுவிட்டேன்.

ஸ்பிதியின் தாபோ மடாலயம் 996இல் எழுந்தது. மண்சுவர்தான். உள்ளே ஓவியங்கள் இன்னும் கண் திறந்து பார்க்கின்றன. தர்மசாலா மழையில் அந்தச் சுவர் நின்றிருக்குமா? வறட்சியும் ஒரு காப்புதான் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் வயலுக்குத் தண்ணீர் போதாதவரிடம் அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

காஸாவில் நான் தங்கியிருந்த வீட்டு அம்மா விடியற்காலையில் மண்வெட்டியோடு கிளம்பினார். கூடவே போனேன். மேலே உருகும் பனிநீரை 'குல்' என்கிற சிறு வாய்க்காலில் வயலுக்குக் கொண்டுவருகிறார்கள். அன்று அவர் முறை. மடையில் அடைத்திருந்த கல்லையும் புல்லோடு கூடிய மண்கட்டியையும் எடுத்தார். சாம்பல் நிறத் தண்ணீர் பட்டாணிப் பாத்திகளுக்குள் நுழைந்தது. கடைசிப் பாத்தியில் பாதிதான் நனைந்திருந்தது. அவர் மண்கட்டியைத் திரும்ப வைத்துக் காலால் மிதித்து அடைத்தார்.

"இன்னும் பாக்கி இருக்கிறதே அம்மா" என்றேன்.

"அடுத்த வீட்டு முறை வந்துவிட்டது" என்றார். அந்த வீட்டிலிருந்து இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. பார்ப்பதற்கு நான் ஒருவன்தான் இருந்தேன்.

காற்றுக்கும் மலைக்கும் பங்கு பிரிக்கத் தெரியாது. அந்த வேலையை இறைவன் நம் கையில் விட்டிருக்கிறான் என்று அந்த வரப்பில் நின்றபோது எனக்குப் பட்டது. பாட்டி சொன்னதும் பொய்யில்லை. நல்லவர் இருப்பதால் மழை பெய்கிறதோ இல்லையோ, பெய்தது அடுத்த வயலுக்கும் போய்ச் சேர்வது நல்லவர் இருப்பதால்தான்.