உட்காரத் தெரிந்தவர்கள்

சிங்கப்பூரின் ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தில் இறங்கி மராங் பாதையின் படிகளில் மூச்சு வாங்க ஏறினால் ஃபேபர் மலை. கீழே துறைமுகம், எதிரே செந்தோசா. 1845இல் மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ஃபேபர், கப்பல்களுக்குச் சைகை காட்டும் நிலையம் அமைப்பதற்காக உச்சிவரை பாதை போட்டார். தெலுக் பிளாங்கா குன்று ஃபேபர் மலையானது அப்படித்தான். பாதை வெட்டிய கூலியாட்களின் பெயரை மலைக்கு வைக்கும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. 1971 நவம்பரில், முதல் மரம் நடும் தினத்தன்று, அமைச்சர் கோ கெங் சுவீ இங்கே நட்டது தூங்குமூஞ்சி மரம். சுறுசுறுப்புக்குப் பேர்போன ஊருக்கு நிழல் தருவதெல்லாம் பெரும்பாலும் தூங்குமூஞ்சிதான் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

அங்கிருந்து ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம். 2008இல் திறந்தது, சாலைக்கு மேலே 36 மீட்டர் உயரத்தில் அலைபோல் வளைந்து போகும். அந்த வளைவுகளுக்குள்ளேயே, மரப்பலகையில், உட்கார இடம் வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்தேன். கூட வந்த நண்பருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அண்ணே, இன்னும் நாலாயிரம் பாக்கி இருக்கு" என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். நடந்தால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் பற்றுச்சீட்டு என்று சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015இலிருந்து மக்களை நடக்க வைக்கிறது. நல்ல திட்டம்தான், பலருக்குச் சர்க்கரை குறைந்திருக்கலாம். ஆனால் ஓய்வுக்கென்று வந்த இடத்திலும் பாக்கியை அடைக்கிற ஆளாக நாம் எப்போது மாறினோம்? வேலை நேரம் முடிந்த பிறகும் யாரோ ஒரு மேலாளர் மணிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் நாலாயிரத்தை முடித்ததும், ஊதா வழித்தட ரயிலில் ஏறி ஃபேரர் பார்க் போனோம். ஞாயிற்றுக்கிழமை. ரேஸ்கோர்ஸ் சாலைக்கு அந்தப் பெயரைத் தந்த பந்தயத் திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது. சிங்கப்பூர் வீழ்ந்து இரண்டு நாள் கழித்து, 1942 பிப்ரவரி 17 அன்று, பிரிட்டிஷ் இந்தியப் படையின் ஆயிரக்கணக்கான வீரர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்ததும் இந்த ஃபேரர் பார்க்கில்தான். யாருக்காகப் போரிடுவது என்ற கேள்வியோடு அன்று புல்லில் உட்கார்ந்திருந்தவர்களில் தமிழரும் இருந்திருப்பார்கள். இன்று அக்கம்பக்கத்துப் புல்வெளிகளில் புதுக்கோட்டையும் சிவகங்கையும் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் சோற்றுப் பொட்டலம். ஒருவர் மடியில் இன்னொருவர் தலை. கைப்பேசியில் ஊரிலிருக்கும் குழந்தை. யாரும் எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை.

இதைப் பார்த்து 'ஆஹா, வாழத் தெரிந்தவர்கள்' என்று எழுதிவிடுவது சுலபம். ஆறு நாள் வெயிலில் நின்றவர்களுக்கு ஏழாம் நாள் கால் மடக்குவது தத்துவம் அல்ல, தேவை. பக்கத்தில் இருந்த தம்பி ஒருவரிடம் ஃபேபர் மலையைப் பற்றிச் சொன்னேன். "தெரியும்ணே, மூணு மாசம் அங்க புல்லு வெட்டுனோம்" என்றார். உட்கார்ந்து பார்க்கும்படி இருக்கும் என்று நான் சொல்ல நினைத்ததை விழுங்கிக்கொண்டேன்.

2020 ஏப்ரலில் ஊரடங்கு வந்தபோது, உடற்பயிற்சி என்று சொல்லி நாங்கள் பூங்காவுக்குப் போக முடிந்தது. விடுதிகளில் இருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அதுவும் இல்லை. 2022இலும் வெளியே வர அவர்கள் முன் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில்தான் எனக்கு ஒன்று உறைத்தது: காரணம் சொல்லாமல் ஒரு மரத்தடியில் இருக்க முடிவது மனசின் அமைதியால் மட்டும் வருவதில்லை. நேரம் வேண்டும், இடம் வேண்டும், 'இங்கே என்ன செய்கிறாய்' என்று யாரும் கேட்காமலிருக்க வேண்டும். மூன்றும் உள்ள நான் கடிகாரக்காரரோடு ஓடிக்கொண்டிருந்தேன்.

2030க்குள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா என்பது அரசின் இலக்கு. இந்த ஊர் சொன்னால் செய்துவிடும். அந்தத் தம்பியின் குடும்பம் அறந்தாங்கிப் பக்கம் இருக்கிறது. அவர் துவாஸ் விடுதியிலிருந்து பஸ், ரயில் மாறி இந்தப் புல்லுக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறதாம்.