காலம் கடந்த கடன்

புரோநோட்டைக் கையில் வாங்கியதும் புரட்டிப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். கெடு முடியுமுன் ஐந்நூறோ ஆயிரமோ வரவு எழுதி, கடன் வாங்கினவர் கையெழுத்தும் போட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து இன்னொரு மூன்று வருஷம் கிடைக்கும். பின்பக்கம் வெறுமையாக இருந்து மூன்று வருஷமும் தாண்டிவிட்டதா, தாவா போட்டுப் பிரயோசனமில்லை. பிரதிவாதி வாயே திறக்காவிட்டாலும் 1963 லிமிடேஷன் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி நீதிபதி தள்ளுபடி செய்தே ஆகவேண்டும். நாகர்கோவில் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவனுக்கு இது அரிச்சுவடி.

"அப்ப கடன் தீந்துபோச்சா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். கொடுத்தவர் ஆத்திரத்தோடு கேட்பார், வாங்கினவர் ஆசையோடு. தீர்ந்தது என்று சட்டம் சொல்லவில்லை. வழக்குப் போடும் வழிதான் அடைபடுகிறது. கடன் அப்படியே கிடக்கிறது. காலாவதியான கடனைத் தருகிறேன் என்று புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தச் சட்டம் 25-ஆம் பிரிவின்படி அது செல்லும். பழைய இந்து சட்டத்தில் இன்னும் ஒன்று உண்டு. புருஷனுடைய காலாவதியான கடனை அடைக்க விதவை அவன் சொத்தை விற்றால், அந்தக் கிரயத்தைக் கோர்ட்டு ஏற்றது. கடனோடு செத்தவன் கரையேறமாட்டான் என்கிற நம்பிக்கைக்குக் கொடுத்த மரியாதை அது. தகப்பன் கடனை மகன் அடைக்கிற தர்மமும் கோர்ட்டில் நின்றது. 2005 செப்டம்பர் 9-க்குப் பிறகு வாங்கிய கடனுக்கு அதைச் சொல்லி மகனைப் பிடிக்க முடியாது.

அதற்கெல்லாம் பிறகுதான் இரணியல் பக்கத்துப் பையன் ஒருவன் தகப்பன் எழுதிக்கொடுத்த நோட்டின் நகலோடு வந்தான். "கேஸு நிக்காதுன்னு வக்கீல் சொல்லியாச்சு அண்ணாச்சி. வட்டி எவ்வளவு வரும்னு மட்டும் கணக்குப் போட்டுத் தாங்க." முதல் போதும் மக்கா என்றேன். கேட்கவில்லை.

கோர்ட்டு ஏன் கதவடைக்கிறது என்ற கோபம் எனக்கு இல்லை. சுசீந்திரத்தில் ஒரு காலத்தில் கைமுக்கு நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் கொதிக்கிற நெய்யில் கைவிட வேண்டும். கை வேகாவிட்டால் நிரபராதி. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அதை நிறுத்தினார்கள். அந்த ஊர்ச் சாமி தாணுமாலயன் எல்லாம் அறிந்தவர், அவருக்குக் கெடு எதற்கு? முன்சீப்புக்கு அப்படியா? காகிதத்தைக் கரையான் தின்னும், சாட்சி செத்துப்போவான். தனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொள்வதில் ஒரு நேர்மை இருக்கிறது.

கெடு தவறியவனையெல்லாம் விரட்டுவதும் இல்லை. 1998-ல் தமிழ்நாட்டிலிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன ஒரு வழக்கில், வக்கீல் தகவல் சொல்லவில்லை என்ற கட்சிக்காரருக்காக 883 நாள் தாமதத்தை நீதிபதி கே.டி. தாமஸ் மன்னித்தார். மனுவுக்கும் அப்பீலுக்கும்தான் இந்தச் சலுகை. மூல தாவாவுக்குக் கிடையாது.

எனக்கு ஒப்பாதது நில விஷயம். பன்னிரண்டு வருஷம் கழிந்தால் லிமிடேஷன் சட்டம் 27-ஆம் பிரிவின்படி உரிமையே அழிந்துபோகிறது. வேலியைத் தள்ளிப் போட்டவன் அத்தனை வருஷம் தேங்காய் வெட்டினால் தோப்பு அவனுக்கு. கடனுக்கு விட்டுவைத்த உயிரை மண்ணுக்கு விடவில்லை. தன் நிலத்தைப் பிறன் அனுபவிப்பதைப் பார்த்துக்கொண்டு இருபது வருஷம் பேசாமலிருந்தவன் அதை இழப்பான் என்றுதான் யாக்ஞவல்கிய ஸ்மிருதியும் சொல்கிறது. ஆனால் அதற்கு மிதாக்ஷரா உரை எழுதிய விஞ்ஞானேசுவரர், அவன் இழப்பது விளைச்சலைத்தான், நிலத்தை இல்லை என்று பொருள் சொன்னார். வெட்டின தேங்காய் போகட்டும், தோப்பைக் கேட்கலாம். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. நாடாளுமன்றத்துக்குப் படவில்லை.