ஓய்வுநாளும் அடுப்படியும்

ஸ்கடர் சகோதரர்கள் 1853-இல் அமைத்த அமெரிக்க ஆற்காடு மிஷன், பின்னாளில் திண்டிவனத்தையும் தன் பணிக்களங்களுள் ஒன்றாகக் கொண்டது. கிராமத்துக் குடும்பங்களைச் சபையில் சேர்த்துக்கொள்ள அது விதித்த நிபந்தனைகளில், விக்கிரக வணக்கத்தை விடுதல், செத்த மாட்டின் இறைச்சியை உண்ணாதிருத்தல் ஆகியவற்றோடு, ஓய்வுநாளை ஆசரித்தலும் இடம்பெற்றிருந்தது. அன்று சேர்ந்தவர்களில் பலர் படியாட்கள், அதாவது கடனாலோ பரம்பரை வழக்காலோ ஒரே நிலக்கிழாரிடம் கட்டுண்டு, அளந்து தரும் தானியத்தைக் கூலியாகப் பெற்று உழைத்தவர்கள். தன் பொழுதே தனக்குச் சொந்தமில்லாத ஒருவர் வாரத்தில் ஒரு நாள் ஏர் பூட்ட வரமாட்டேன் என்று சொல்வதற்கு, விக்கிரகத்தை விடுவதைவிடக் கூடுதலான துணிவு வேண்டியிருந்திருக்கும்.

ஓய்வுநாளை ஆசரிக்கச் சொல்லும் கட்டளை விவிலியத்தில் இரு வடிவங்களில் உள்ளது. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம், கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்ததைக் காரணமாகக் காட்ட, உபாகமம் 5-ஆம் அதிகாரமோ எகிப்தில் அடிமைப்பட்டிருந்ததையும் அதிலிருந்து மீட்கப்பட்டதையும் நினைவூட்டி, வேலைக்காரரும் எஜமானரைப்போல இளைப்பாற வேண்டும் என்கிறது. படியாள் மரபில் வந்த குடும்பங்களுக்கு இந்த இரண்டாம் காரணமே நெருக்கமானது. இரு வடிவங்களும் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, வாசலுக்குள் இருக்கும் அந்நியன் எனப் பட்டியலிடுகின்றன. மனைவி மட்டும் அதில் இல்லை. கட்டளை பெறும் 'நீ' என்பதிலேயே அவளும் அடங்குவாள் என்று உரையாசிரியர்கள் விளக்குவது ஏற்கத்தக்கதே. ஆனால் நடைமுறையில் அவள் எதிலும் அடங்குவதில்லை.

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமையைக் கூர்ந்து நோக்கினால் இது விளங்கும். காலை ஆராதனைக்குப் புறப்படுமுன் இஞ்சி பூண்டு அரைத்து, கறியைக் கழுவி அடுப்பிலேற்றி, பிள்ளைகளின் உடைகளைத் தேய்த்து வைத்துவிட்டுக் கிளம்பும் பெண், திரும்பி வந்ததும் விருந்தினருக்குப் பரிமாறி, எண்ணெய்ப் பிசுக்கேறிய பாத்திரங்களைத் துலக்கி, பொழுது சாய்கையில் திங்கட்கிழமை இட்லிக்கு மாவாட்டுகிறாள். வீட்டிலுள்ள மற்றவர் ஓய்வனைத்தும் அவள் உழைப்பின்மீதே நிற்கிறது.

அவளும் ஓய்வதற்கான வழி யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. எகிப்திலிருந்து மீண்ட இஸ்ரவேலர், கடவுள் தந்த மன்னா என்னும் உணவை ஆறாம் நாளில் இருமடங்காகச் சேர்த்தார்கள். வேண்டியதை முந்தைய நாளே சமைத்து வைத்தார்கள். ஓய்வுநாளுக்கு ஓர் ஆயத்தநாள் தேவை. சனிக்கிழமையே மாவாட்டித் துணி தேய்த்து முடித்து, இரவு வடித்த சோற்றில் நீரூற்றி வைத்தால், மோரும் சின்ன வெங்காயமும் கருவாட்டுத் தொக்கும் ஞாயிறு காலைக்குப் போதுமானவை. கறிவிருந்து வேறொரு நாளுக்கு மாறலாம், அன்றைய பாத்திரங்களைக் கணவனும் மகனும் துலக்கலாம். விருந்தோம்பல் குறையும் என்ற அச்சம் இயல்பானதுதான், எனினும் வந்தவர் உண்ணும்போது இல்லத்தாளும் உடன் உட்கார்ந்து பேச முடிவதே மேலான விருந்தோம்பல்.

எல்லா வேலையும் நிறுத்தக்கூடியதன்று. கரும்பு ஆலையின் வெட்டு உத்தரவு கிழமை பார்த்து வருவதில்லை; கறவை மாட்டின் மடி காத்திருக்காது; விழுப்புரம் சந்திப்பில் ரயில்கள் ஞாயிறன்றும் ஓடுகின்றன. மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவதை இயேசு தவறென்று சொல்லவில்லை (லூக்கா 13). 321-இல் ஞாயிறு ஓய்வைச் சட்டமாக்கிய கான்ஸ்டன்டைன் பேரரசனும் உழவருக்கு விலக்களித்தான். முறைவேலை செய்யும் ரயில்வே ஊழியரோ செவிலியரோ உள்ள குடும்பம் வாரத்தின் வேறொரு நாளைத் தேர்ந்துகொண்டு, ஆறு நாள் உழைப்புக்கு ஒரு நாள் ஓய்வு என்ற ஒழுங்கைக் காப்பது பவுல் ரோமர் 14-இல் நாட்களைப் பற்றித் தரும் சுதந்திரத்துக்கு முரணானதன்று. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஞாயிறு தனிப்பயிற்சிக்கு அனுப்புவதை இவற்றோடு சேர்க்க இயலாது; அது பெற்றோரே விரும்பி ஏற்ற சுமை, அவர்களே இறக்கிவைக்கக்கூடியது.

கட்டளையின் பட்டியலிலுள்ள வேலைக்காரியும் அந்நியனும் பழங்காலத்தோடு முடிந்தவர்கள் அல்லர். பாத்திரம் துலக்க வரும் பெண் எந்தச் சமயத்தவராயினும், அவருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுப்பு அளித்து, அந்நாளின் கூலியையும் பிடிக்காமல் கொடுக்க வேண்டியது ஓய்வுநாளை ஆசரிக்கும் குடும்பத்தின் கடமை.