ஊழும் விகிதமும்

புக்கிட் ரோத்தான் முதலிய வட சிலாங்கூர் ஊர்களிலே, தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் முன்னோர் துன்பம் நேர்ந்தபோதெல்லாம் ‘எல்லாம் தலையெழுத்து’ என்று தம்மைத் தேற்றிக்கொண்டனர். மனிதனுக்கு நேர்வது முன்னமே விதிக்கப்பட்டதா, யதேச்சையாய் விளைவதா என்னும் பழைய வினாவை, அவ்வூர்களைச் சூழ்ந்து நிற்கும் செம்பனையைக் கொண்டே நாம் விசாரிக்கலாம்.

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில், ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917இல் வணிகத்துக்காகச் செம்பனையைப் பயிரிட்டார். அவ்வினத்தில் கொட்டை ஓட்டின் தடிப்பை ஆள்வது ஒரே மரபணு என்பதை 1941இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். மெல்லோடுடைய தெனேராவைத் தெனேராவோடே சேர்த்தால், சந்ததியில் கால் பங்கு தடித்த ஓடுடைய டூராவாகவும், அரைப் பங்கு தெனேராவாகவும், கால் பங்கு ஓடற்றதும் பெரும்பாலும் காய்ப்புக்கு உதவாததுமான பிசிஃபெராவாகவும் அமையும்.

ஒவ்வொரு கன்றும் பிசிஃபெராவாகும் வாய்ப்பு கால் என்று நிலைத்திருக்க, ஒன்றின் விளைவு மற்றொன்றைத் தொடாதிருக்க, குறித்த எண்ணிக்கையில் எத்தனை அவ்வாறு அமையும் என்று அளப்பதே ஈருறுப்புப் பரவல். நான்கு கன்றுகளில் ஒன்று பிசிஃபெரா என்பது சராசரியே. சரியாக ஒன்று அமையும் வாய்ப்பு 256இல் 108, ஒன்றுமே அமையாத வாய்ப்பு 256இல் 81. நானூறு கன்றுகளிலோ அவ்வெண்ணிக்கை பெரும்பாலும் 83க்கும் 117க்கும் இடையே அடங்கிவிடும். தனிக்கன்று எதுவாகும் என்பதில் மௌனம் காக்கும் நியதி, கூட்டம் பெருகப் பெருகத் தெளிவடைகிறது. கணித அறிஞர் யாக்கோப் பெர்னூலி மறைந்தபின் 1713இல் வெளிவந்த அவருடைய நூல் நிறுவிய உண்மையும் இதுவே.

ஆயினும் அவ்விகிதம் மாற்றவொண்ணாத சாசனமன்று. டூராவைப் பிசிஃபெராவோடு சேர்த்தால் சந்ததி முழுதும் தெனேராவாகவே அமைகிறது. இன்றைய தோட்டங்கள் நடுவது அக்கலப்பினத்தையே. சேர்க்கை அமைந்தபின் வரும் விகிதம் ஊழ் எனில், சேர்க்கையைத் தேர்வது புருஷப் பிரயத்தனம். வள்ளுவர் ‘ஊழ்’ என்றோர் அதிகாரமும், ‘ஆள்வினையுடைமை’ என்றோர் அதிகாரமும் வகுத்தது முரண்பாடன்று என்பதற்கு இதனினும் கண்கூடான சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, ஏழைப் பிள்ளைகளில் இத்தனை பேரே தேறுவர் என்னும் கணக்கைக் காட்டி ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்துவோர், கூட்டத்தின் விகிதத்தைத் தனியொருவனின் விதியாகக் கொள்ளும் பெரும்பிழையைச் செய்கின்றனர். அப்பிழையை நாம் விட்டொழிக்க வேண்டும். விகிதத்தையே உயர்த்தும் கல்வியையும் சூழலையும் அமைப்பது நம் தர்மம்.