பொறுமை யாருடையது?

'எதையும் படிப்படியாகச் செய்யணும் சார்... புரட்சி கிரட்சி எல்லாம் வெறும் ரத்தக்களறி!' நம்மில் பாதிப் பேர் இந்தக் கட்சி. நல்ல கட்சிதான். ஆனால், ஒரு கணக்குப் பார்த்துவிட்டுச் சேருங்களேன்.

பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையைப் படிப்படியாகத்தான் ஒழித்தது. 1807-ல் அடிமை வியாபாரத்துக்குத் தடை. ஏற்கெனவே அடிமையாக இருந்தவன்? அப்படியே இருக்க வேண்டியதுதான். 1833-ல் விடுதலைச் சட்டம். அதிலும் ஒரு 'ஆனால்'. பெரும்பாலான தீவுகளில், 'பயிற்சித் தொழிலாளி' என்ற புதுப் பெயருடன் பழைய முதலாளியிடமே சம்பளம் இல்லாமல் உழைக்க வேண்டும். அது முடிந்தது 1838-ல். 1807-ல் கரும்புத் தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 31!

நஷ்டஈடும் உண்டு, 2 கோடி பவுண்டு. அடிமைக்கா? இல்லீங்க, முதலாளிக்கு. அதற்காக வாங்கிய கடனை பிரிட்டிஷ் அரசு அடைத்து முடித்தது 2015-ல்.

ஹைட்டி அடிமைகள் பொறுக்கவில்லை. 1791-ல் தோட்டங்களுக்குத் தீ வைத்தார்கள். 1804-ல் சுதந்திரம். இடையில் பிணக்குவியல். ஜெயித்த பிறகும், மிச்சமிருந்த பிரெஞ்சுக்காரர்களைப் பெண்கள், குழந்தைகள் என்றுகூடப் பார்க்காமல் கொன்றார்கள். அதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களுடன் வந்து, 'எங்க சொத்து போச்சு, 15 கோடி ஃபிராங்க் எடு' என்றது. பிறகு தொகையைக் குறைத்தார்கள். ஆனாலும், அதைக் கட்ட வாங்கிய கடன்கள் தீர 1947 ஆயிற்று.

ஆக, எந்த வழியில் போனாலும் பில் அடிமையின் தலையில்தான். அப்போ எது மேல்?

இன்னும் ஒரு தேதி பாக்கி. 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜமைக்காவில் பல்லாயிரம் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அடக்கினார்கள். தூக்கில் தொங்கியவர்களே ஏராளம். அடுத்த இரண்டு வருடத்துக்குள் லண்டனில் சட்டம் வந்துவிட்டது! நாம் மெச்சும் பார்லிமென்ட் நிதானத்துக்குப் பின்னால் எரிந்த தோட்டங்களின் புகையும் இருந்தது.

என்னைக் கேட்டால், சீர்திருத்தமே மேல். போன உயிர் திரும்பாது. ஆனால், அதற்கு ஒரு தேதி வேண்டும். காத்திருப்பவனையும் கேட்டுக் குறித்த தேதி. தேதி இல்லாத சீர்திருத்தத்துக்குத் தள்ளிப்போடுதல் என்று பெயர்.

அடுத்த முறை யாரிடமாவது 'கொஞ்சம் பொறுங்க' என்று சொல்லும்போது கவனியுங்கள்... அவர் நின்றுகொண்டிருக்கிறார். நீங்கள்?