விளக்கை அணைத்த பிறகு

ஒன்றரை வயதுப் பிள்ளையோடு பயணம் போகிறவர்களுக்கு ஹோட்டல் அறையில் இரவு ஏழு மணிக்கே தொடங்கிவிடுகிறது. பிள்ளை உறங்க வேண்டுமானால் விளக்கை அணைக்க வேண்டும். இருப்பதோ ஒரே அறை. அப்டன் பார்க்கிலிருந்து பாரிஸ் கல்யாணத்துக்குப் போன தம்பதி, லா சப்பலில் வாங்கிவந்த கொத்துரொட்டியைக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தொட்டி விளிம்பில் இருந்து சாப்பிடுவார்கள். பொலித்தீன் பை சரசரத்தால் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்வார்கள். பிறகு போனின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, இருட்டில் ஆளுக்கொரு பக்கம் கிடப்பார்கள்.

நாளைக்குச் சொல்லிச் சிரிக்கக்கூடிய கதைதான் இது. ஆனால் இதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. உறங்கும் பிள்ளைக்கு விழித்திருக்கும் பெரியவர் எவ்வளவு கடமைப்பட்டவர்?

பிள்ளை நன்றாக உறங்கிவிட்டது. கதவைப் பூட்டிவிட்டுப் பத்து நிமிடம் கீழே போய் ஒரு தேநீர் குடித்து வரலாமா? பிரித்தானியச் சட்டம் இதற்கு நேரான பதில் சொல்வதில்லை. எந்த வயதுவரை பிள்ளையைத் தனியே விடக்கூடாது என்று அது வரையறுக்கவில்லை. பிள்ளைக்குத் தேவையற்ற துன்பமோ கேடோ வரக்கூடிய விதத்தில் விட்டுப்போவது குற்றம் என்று மட்டும் 1933ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் சட்டம் சொல்கிறது. மிச்சத்தைப் பெற்றோரின் மதிப்பீட்டுக்கு விட்டுவிடுகிறது. 2007 மே 3ஆம் திகதி இரவு போர்த்துக்கலின் பிரயா டா லூஸில் மடலின் மக்கான் என்ற சிறுமி காணாமல் போனபோது, அவளுடைய பெற்றோர் அதே விடுதி வளாகத்து உணவகத்தில் இருந்தார்கள். இடையிடையே வந்து பார்த்துப் போனார்கள். அதன் பிறகு இந்த நாட்டில் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி யாராலும் சாதாரணமாகப் பேச முடிவதில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளையை விட்டுப் போகக்கூடாது என்பதே என் முடிவும். பிள்ளை விழித்து அழும்போது ஒரு முகம் அங்கே இருக்க வேண்டும்.

ஆனால் இந்த முடிவை 'தியாகம்' என்று அழைத்து அத்தோடு நிறுத்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. தியாகம் என்று புகழத் தொடங்கியதும், அந்த நிலைமை ஏன் வந்தது என்று கேட்பதை விட்டுவிடுகிறோம்.

நம் ஊர் வீடுகளிலும் அறைகள் குறைவுதான். விறாந்தையில் கட்டிய ஏணையில் பிள்ளை உறங்கும். பக்கத்தில் பெரியவர்கள் கதைப்பார்கள், வானொலி பாடும், அடுக்களையில் சட்டி விழும். பிள்ளைக்கு இருட்டும் அமைதியும் தனியறையும் வேண்டும் என்ற எண்ணம் பல அறைகள் உள்ள வீடுகளிலிருந்து வந்தது. ஏழு மணி என்ற கணக்கும் அப்படித்தான். பயணத்தில் பிள்ளை ஒன்பது மணிவரை பெரியவர்களோடு இருந்து, மடியிலேயே உறங்கிப்போனால் ஒழுக்கம் ஒன்றும் கெட்டுவிடாது.

ஆனால் ஏணையை நினைத்து ஏங்குவதிலும் ஒரு வசதியான மறதி இருக்கிறது. அந்த வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட இன்னொரு சோடிக் கண்கள் யாருடையவை? அப்பம்மாவுடையவை, அல்லது கல்யாணமாகாத மாமியுடையவை. அவர்களுடைய மாலைப்பொழுதை யாரும் கேட்டு வாங்கவில்லை. ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஓர் உண்மை உண்டு: ஒரு பிள்ளையின் உறக்கத்தைக் காக்க இரண்டு பேர் போதாது, ஒருவர் நிச்சயம் போதாது. ஹோட்டல் அறையில் இல்லாதது இன்னொரு அறை என்று நினைக்கிறோம். அங்கே இல்லாதவர் இன்னொரு ஆள்.

கல்யாணத்துக்குப் போனவர்கள் மூன்று இரவில் வீடு திரும்பிவிடுவார்கள். அப்டன் பார்க்கைச் சுற்றி, அதே அறையில் நாட்களை எண்ண முடியாமல் இருப்பவர்களும் உண்டு. தற்காலிகத் தங்குமிடங்களில் வாழும் குடும்பங்களின் விகிதம் அண்மை ஆண்டுகளில் இங்கிலாந்திலேயே மிக அதிகமாக உள்ள இடம் நியூஹாம். வாடகை வீட்டை இழந்தவர்களும் அகதி விண்ணப்பம் முடிந்து வெளியே வந்தவர்களும் கவுன்சில் காட்டும் அறைக்குப் போகிறார்கள். குளியலறையையோ சமையலறையையோ பிற குடும்பங்களோடு பகிரும் விடுதிகள் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குப் பொருத்தமற்றவை. வேறு வழியே இல்லையென்றால் 6 வாரங்கள் மட்டும் என்பது 2004 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி. அந்த 6 வாரம் மாதங்களாக நீள்வது நாடெங்கும் நடக்கிறது. 2016இல் வெஸ்ட் ஹாம் கழகம் விட்டுப்போன மைதானத்தில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. அறையில் காத்திருப்பவர்களின் வரிசை குறையவில்லை.

அந்த அறையில் தாய் இருட்டில் இருப்பதும் பாரிஸ் அறையில் இருப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் முடிவு நாள் தெரிந்த இருட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். முடிவு நாள் தெரியாதபோது அதுவே அவளுடைய வாழ்க்கையாகிவிடுகிறது. பல விடுதிகளில் விருந்தாளிகளுக்கு அனுமதியில்லை. ஆகவே அந்த இன்னொரு சோடிக் கண்களும் வாசலிலேயே நிறுத்தப்படுகின்றன. 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரையான 4 ஆண்டுகளில், தற்காலிகத் தங்குமிடத்தில் வாழ்ந்தது ஒரு காரணியாகப் பதிவான பிள்ளை மரணங்கள் இங்கிலாந்தில் 55. அவர்களில் 42 பேர் ஒரு வயதும் நிரம்பாதவர்கள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தொட்டில் கிடைக்க உதவ வேண்டும் என்று அரசு வழிகாட்டலில் 2024இல்தான் எழுதிச் சேர்த்தார்கள். ஒரு பழைய சேலையும் ஒரு கயிறும் செய்த வேலைக்கு, ஒரு பணக்கார நாட்டில் வழிகாட்டல் தேவைப்பட்டிருக்கிறது.

அந்த அறையில் இருக்கும் தாயைப் பார்த்து, பிள்ளையைத் தனியே விட்டுச் சமையலறைக்குப் போனாயா என்று கேட்பதற்கு நமக்கு என்ன தகுதி? அவள் பால் சூடாக்க வேறு மாடிக்குப் போக வேண்டும். எடுத்துக்கொண்டு போனால் உறக்கம் கலையும், விட்டுப் போனால் குற்றம். இது அவள் ஒருத்தி தீர்க்கக்கூடிய அறக்கேள்வி அல்ல. அவளை அங்கே வைத்தவர்களும், அதைத் தெரிந்துகொண்டு பக்கத்துத் தெருவில் வாழ்பவர்களும் சேர்ந்தே பதில் சொல்ல வேண்டும்.

கவுன்சில் செய்ய வேண்டியதை அயலவர் செய்துவிட முடியாது. வீட்டுக்குப் பதிலாக அன்பைக் கொடுத்துவிடவும் முடியாது. ஆனால் குயின்ஸ் மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது நாம் காணும் பெண்களில், தள்ளுவண்டியோடு கடை பூட்டும்வரை சுற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அறைக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடுவதற்காகத்தான் சிலர் அப்படி நடக்கிறார்கள். தெரிந்த ஒருத்தியாக இருந்தால், வாரத்தில் ஒரு மாலை வீட்டுக்குக் கூப்பிடலாம். பிள்ளை நம்முடைய கட்டிலில் உறங்கட்டும், கதவு திறந்தே இருக்கட்டும். அவள் விளக்கெரியும் மேசையில் இருந்து, சத்தமாகக் கதைத்துக்கொண்டே சாப்பிடட்டும். பிள்ளை அழுதால் நாம் எழுந்து போவோம்.